ஆட்டோகேட் சுவர்க் கோடு இல்லஸ்ட்ரேட்டரில் துண்டு துண்டாக வருகிறது

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டின் தரைத்தள வரைபடத்தை அச்சுக்குத் தயார் செய்கிறேன். சுவர்கள் கறுப்பாக, நிரம்பிய தடிமனான கோடாகத் தெரிய வேண்டும். வரைந்தது ஆட்டோகேட் 2021 என்ற வரைபட மென்பொருளில், பாலிலைனாக (பல பகுதிகள் சேர்ந்த ஒரே தொடர் கோடு), அகலம் 230 மி.மீ. திரையில் சரியாகத்தான் இருக்கிறது.

1:100 அளவில் பிடிஎஃப் எடுத்து இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால், ஒவ்வொரு சுவரும் தனித்தனித் துண்டுகளாக உடைந்துவிடுகிறது. மூலைகளில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கீறல். கிணற்றைச் சுற்றிய வட்டச் சுவர்தான் ரொம்ப மோசம். எண்ணிப் பார்த்தேன், 64 துண்டு.

ஆட்டோகேடில், அகலக் கோட்டை நிரப்பிக் காட்டும் ஃபில்மோட் அமைப்பை 1 வைத்து, திரையைப் புதுப்பிக்கும் ரீஜென் கொடுத்தேன், மாற்றமில்லை. சாலிட் ஹேட்ச் (முழு நிற நிரப்பல்) போட்டாலும் அதே கீறல். பிடிஎஃப்புக்குப் பதில் டிஎக்ஸ்எஃப் (வரைபடப் பரிமாற்றக் கோப்பு) எடுத்தால் அகலமே போய் ஒல்லிக் கோடுதான் மிஞ்சுகிறது. சரி, லைன்வெயிட் (அச்சில் வரும் கோட்டுத் தடிமன்) வைக்கலாம் என்றால், தாளில் 2.3 மி.மீ வேண்டும், அதில் உச்சமே 2.11 தான். அப்புறம் இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில், வடிவங்களை ஒன்றாக்கும் யுனைட் கொடுத்தேன். நேர்ச்சுவர்கள் ஒட்டிக்கொண்டன, கிணறு மட்டும் பலகோணமாகவே நிற்கிறது.

நான்கு நாளாக இதிலேயே நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வளைவு வளைவாகவே இருந்து, தடிமனைப் பிறகு மாற்றக்கூடிய ஒரே ஸ்ட்ரோக்காக (இல்லஸ்ட்ரேட்டரின் கோடாக) சுவர் வந்து சேர, ஆட்டோகேடில் எப்படி வரைந்து எந்த ஃபார்மட்டில் எடுக்க வேண்டும்?