சாப்பாட்டு மேசையில் இருந்த துப்பாக்கி

நான் கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறேன். இது என் பக்கத்து வீட்டில் நடந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிரீன் கார்டு வந்ததும் அவள் கணவர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். இந்தியர் வீடுகளில் நகைத் திருட்டு நடக்கிறது, பாதுகாப்புக்கு வேண்டும் என்றார். அப்புறம் சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேசுவார். அவள் பக்கம் நீட்டியதில்லை. "அவர் என்னை அடிக்கவே இல்லையே அக்கா, போலீஸிடம் என்னவென்று சொல்வது?" என்று கேட்பாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி, "எல்லாரும் சேர்ந்து செத்துப் போய்விடலாம்" என்று சொல்லியிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். 911 கூப்பிட்டோம்.

வந்த போலீஸ் அதிகாரி அங்கிருந்தே நீதிபதியிடம் போனில் பேசி, கணவரிடமிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்ள உத்தரவு (Gun Violence Restraining Order) வாங்கினார். இங்கே 2016 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. அவசர உத்தரவு 21 நாளுக்கு. அதற்குள் விசாரணை வைத்து, தேவையென்றால் ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை நீட்டுவார்கள். கேட்டது போலீஸ் என்பதால் மனுவில் அவள் பெயர் இல்லை. "நான்தான் புகார் கொடுத்தேன் என்று ஆகிவிடுமே" என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எத்தனை துப்பாக்கி, எங்கே, தோட்டா எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருப்பதை அவள்தான் சொன்னாள். தோட்டாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த உத்தரவு ஆயுதத்தை மட்டும்தான் எடுக்கும். ஆளை வீட்டைவிட்டுப் போகச் சொல்லாது. அதற்குக் குடும்ப வன்முறைத் தடையுத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். மறுவாரம் அவளே மனு போட்டாள். கட்டணம் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கோர்ட்டே கொடுத்தது. அந்த உத்தரவிலும் துப்பாக்கி கூடாது. உத்தரவு அவர் கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் துப்பாக்கியை ஒப்படைத்து, 48 மணி நேரத்துக்குள் ரசீதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும்.

ஊரிலிருந்து ஒரு உறவினர் அழைத்து, "வழக்கை வாபஸ் வாங்கு, துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகப் போ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எதைத் திருப்பி வாங்கிக் கொடுப்பது?

பதில், டெக்சாஸிலிருந்து:

அக்கா, எங்கள் மாநிலத்தில் நீங்கள் சொல்லும் சட்டம் கிடையாது. என் தங்கைக்கு அவள் கணவருக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அது இருக்கும்வரை அவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரஹிமி என்பவரின் வழக்கில் 8-1 என்ற தீர்ப்பில் அதை உறுதி செய்தது. அந்த வழக்கே எங்கள் ஆர்லிங்டனில் ஒரு பெண் அடிபட்டதில் தொடங்கியதுதான். ஆனால் எங்கள் கவுன்ட்டியில் யாரும் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகவில்லை. "கொடுத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதை நம்பி இரண்டு வாரம் இருந்தோம். வழக்கறிஞர் ரசீது கேட்ட பிறகுதான், அது அவர் காரிலேயே இருந்தது தெரிந்தது. ரசீதைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

மீண்டும் நான்:

தம்பி, உங்கள் தங்கை பத்திரமாக இருக்கட்டும். வாசிப்பவர்கள் யாராவது இப்போது பயத்தில் இருந்தால் அமெரிக்காவின் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233க்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். பேசும்போது வீட்டில் துப்பாக்கி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விசாரணையில் ஒரு வருட உத்தரவு கிடைத்தது. மேசையை விற்றுவிட்டாள். இப்போது தரையில் பாய் போட்டுச் சாப்பிடுகிறார்கள், அவளும் குழந்தையும்.