'க்ளீவ்': ஒரு சொல்லா, இரண்டா?

நெய்தல்:
ஆங்கில வினைச்சொல் 'க்ளீவ்' என்றால் பிளப்பது. ஒட்டிக்கொள்வதற்கும் அதே 'க்ளீவ்'தான். போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தேன். எல்லாரும் கைவிட்ட தாயிடம் மகள் ஒட்டிக்கொண்டாள் என்பது மூலம். 'தாயைப் பிரிந்தாள்' என்று வந்திருந்தது. கதையே தலைகீழ்! 'ஸ்பிளிட்', 'ஸ்டிக்' இருக்கும்போது இது எதற்கு? கைவிட வேண்டும்.

வேர்தேடி:
இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் பிளப்பது 'கிளேயோவன்', ஒட்டுவது 'கிளிவியன்'. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ஜெர்மனில் இன்றும் தனித்தனிதான்: ஒட்டுவது 'கிளேபன்', பிளப்பது 'கிளீபன்'. கறிக்கடைக் கத்தி 'கிளீவர்', மாட்டுக் குளம்பைச் சொல்லும் 'க்ளோவன்' எல்லாம் பிளக்கிறவனின் பிள்ளைகள். பூண்டுப் பல்லுக்கான 'க்ளோவ்' கூட அந்த வீடுதான். கிராம்புக்கும் அதே பெயர், ஆனால் அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

நெய்தல்:
வரலாறு சரி அண்ணா. வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே எழுத்துதானே? 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் பாருங்கள். ஆபிரகாம் விறகு பிளந்ததும் 'க்ளேவ்', ரூத் மாமியாரை விடாமல் இருந்ததும் 'க்ளேவ்'. இறந்தகாலத்தில் கூட வித்தியாசம் இல்லை.

வேர்தேடி:
அந்த இரண்டு வரியுமே என் கட்சிக்குத்தான் சாட்சி. ரூத்துக்கு 'டூ'வின் பழைய வடிவமான 'அன்டூ' கூட வருகிறது, ஆபிரகாமுக்கு விறகு நேராக வருகிறது. தமிழில் பெயர்த்தவர்கள் 'கட்டைகளையும் பிளந்துகொண்டு' என்றும் 'விடாமல் பற்றிக்கொண்டாள்' என்றும் தெளிவாகப் பிரித்துவிட்டார்களே. நாம் விளக்கையும் அணைக்கிறோம், குழந்தையையும் அணைக்கிறோம். யார் குழம்பினார்கள்?

பனையோலை:
குறுக்கே வருகிறேன். எதிரியின் தலையை வாள் எலும்பு வரை பிளந்தது என்று சொல்லும்போதும் 'டூ' வருமே?

வேர்தேடி:
நல்ல கேள்வி. அங்கே தலை என்ற செயப்படுபொருள் இருக்கிறது. எதைப் பிளந்தது என்று சொன்ன பிறகுதான் எதுவரை என்பது வரும். ஒட்டுகிற 'க்ளீவ்' எதையும் நேராகப் பிடிக்காது, 'டூ' வழியாகத்தான் பிடிக்கும்.

நெய்தல்:
'அணை' நாம் தினமும் புழங்கும் சொல். 'க்ளீவ்' அப்படியா? வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணில் படுகிற சொல்லுக்கு இவ்வளவு இலக்கணம் யாருக்கு நினைவிருக்கும்?

வேர்தேடி:
அதே பைபிளின் சங்கீதம் 137ஐ ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படியுங்கள். எருசலேமை மறந்தால் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்கிற இடத்தில் 'க்ளீவ்'. அப்போஸ்தலர் 2இல் நெருப்பு நாக்குகள் பிரிந்து இறங்குகிற இடத்தில் 'க்ளோவன்'. நாக்கு ஒட்டுவதற்கும் நாக்கு பிரிவதற்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசை! அங்கே 'ஸ்டிக்' போட்டுப் பாருங்கள்.

நெய்தல்:
படித்தேன். அந்த வரியில் கை வைக்க எனக்கும் மனம் வரவில்லை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அந்த 'டூ' விஷயத்தை மொழிபெயர்த்த தம்பிக்கு இன்றே எழுதி அனுப்புகிறேன், மீதி முந்நூறு பக்கம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.