பதில்: டம்மி ஷாப்டுக்கு 'பொய்த்தண்டு'ன்னு வச்சா என்ன?

> கிளச் அலைன்மென்ட் டூல் = உரசிணைப்பி ஒழுங்கமைப்புக் கருவி

ஐயா வணக்கம். கிளச் பிளேட்டை நடுவுல நிறுத்துற கருவிக்கு, பட்டறையில டம்மி ஷாப்டுன்னு சொல்றோமே அதுக்கு, தமிழ்ச்சொல் தேடுற இந்த இழையில நீங்க போட்டது மேல இருக்கு. அந்தச் சொல்லு இலக்கணப்படி தப்புன்னு சொல்ல வரல, ஆனா இதை யாரு, எந்த நிலைமையில வாய் திறந்து சொல்லப்போறாங்கன்னு கொஞ்சம் பாக்கணும்ல.

பழைய வண்ணாரப்பேட்டையில எங்க வீட்டு வாசல்ல இப்ப ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிரிஞ்சு கெடக்கு. மச்சானோட வண்டி, மெட்ராஸ்லயே தயாரானது. மூணு சவுக்குக் கட்டையைக் கூம்பா நிறுத்தி, காசிமேட்டுல லாஞ்சு எஞ்சின் பாக்குறவர்கிட்ட செயின் பிளாக் எரவல் வாங்கி எறக்கிட்டோம். ஹெரால்டுல ஒரு சௌகரியம், பானெட்டு மட்கார்டோட சேர்ந்து மொத்தமா முன்பக்கம் சாயும், டயர் மேல உக்காந்தே வேலை பாக்கலாம். எஞ்சின் மேல போச்சு, கியர் பாக்ஸு முன் சீட்டைக் கழட்டி நடுவுல இருக்குற மூடியை எடுத்ததும் வண்டிக்குள்ள இருந்தே கதவு வழியா வெளிய வந்துச்சு.

கழட்டுறதுல என்ன இருக்கு, திரும்ப ஏத்துறப்பதான் நம்ம டம்மி ஷாப்டுக்கு வேலை. கிளச் பிளேட்டை எதுலயும் போல்ட் போட்டு முடுக்குறது கெடையாது, எஞ்சினோட சுத்துற ஃபிளைவீலுக்கும் அது மேல போல்ட் போடுற பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல நசுங்கி நிக்குது, அவ்ளோதான். முடுக்குறதுக்கு முன்னாடி அது கொஞ்சம் எறங்கிட்டா எறங்குன எடத்துலயே பிடிச்சுக்கும், அப்புறம் கியர் பாக்ஸைத் தூக்கி எவ்ளோ தள்ளுனாலும் அதோட ஷாப்டு முனை கிராங்கு, அதாவது எஞ்சினோட சுழல் தண்டு, அதோட கடைசியில இருக்குற புஷ்ஷுங்கிற சின்ன வளையத்துக்குள்ள போகாது. சிலபேரு அவசரப்பட்டு பெல் ஹவுசிங் (கிளச்சை மூடுற, கியர் பாக்ஸோட முன் கூடு) போல்ட்டை முடுக்கியே உள்ள இழுக்கப் பாப்பாங்க, போல்ட் மாட்டுற காது விரிசல் விட்டுக்கும். இல்லன்னா கியர் பாக்ஸ் பாரத்தை அந்த ஷாப்டு மேலயே தொங்க விடுவாங்க, பிளேட்டு வளைஞ்சா அப்புறம் கிளச் ஃப்ரீ ஆகாம ஒவ்வொரு கியருக்கும் கரகரன்னு கத்தும்.

அதனாலதான் முதல்ல டம்மி ஷாப்டை பிளேட்டு வழியா புஷ் வரைக்கும் விட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சங் கொஞ்சமா முடுக்கி, கடைசியில அதை உருவிடுறது. உருவும்போது வழுக்கிக்கிட்டு வந்தா சரி, பிடிச்சு இழுத்தா திரும்ப லூஸ் பண்ணணும். எங்களுக்கு தண்டையார்பேட்டை லேத்துல மரத்துலயே கடைஞ்சு குடுத்தாரு, அதுவே போதும்.

ஆக இந்தச் சாமான் வண்டியில தங்குறதே இல்ல, நிஜத் தண்டு வர்ற வரைக்கும் அது எடத்துல நிக்குது. இதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே வழி இருக்கு, பொய்க்கால், பொய்ப்பல், பொய்க்கூரை. அந்த வரிசையில பொய்த்தண்டு. 'பொய்'னா மட்டமா தெரியுதுன்னு இந்த இழையில ஒருத்தர் எழுதியிருந்தாரு, பொய்க்கால் குதிரையை யாராவது மட்டமா சொல்றாங்களா? அவரு சொன்ன 'போலித்தண்டு'தான் வம்பு, ஸ்பேர் கடையில போலின்னா டூப்ளிகேட் சாமான், நிஜ ஷாப்டோட டூப்ளிகேட்டுனு நெனச்சு வாங்கிட்டுப் போயிடுவான். இங்க வந்த 'நடுக்கோல்' எனக்கும் பிடிச்சுது, ஆனா உருவிடணுங்கிறது அதுல தெரியல.

வினைக்கு 'மையப்படுத்துதல்' வேணாமே. மேஸ்திரி மட்டம் பாக்குறாரு, தூக்கு பாக்குறாரு, மெக்கானிக் சென்டர் பாக்குறாரு, அப்ப 'நடு பார்த்தல்'. இப்ப ஒரு கையேட்டு வரியா எழுதிப் பாருங்க:

'உரசிணைப்பி ஒழுங்கமைப்புக் கருவியைப் பயன்படுத்தி உரசிணைப்பித் தகட்டை மையப்படுத்தவும்.'

'பொய்த்தண்டு விட்டு, கிளச் பிளேட்டுக்கு நடு பார்க்கவும்.'

கிரீஸ் கையோட படிக்கிறவனுக்கு ரெண்டாவதுதான் ஒரே பார்வையில ஏறும். கிளச்சை நான் வேணும்னேதான் கிளச்சாவே விட்டேன், ஆட்டோல இருந்து பஸ் வரைக்கும் புழங்குற சொல்லு, அதுகூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல.

ஸ்ப்ளைனுக்குத்தான், அதாவது பிளேட்டு கோத்துக்குற ஷாப்டு வரிகளுக்குத்தான், இன்னும் சொல்லு மாட்டல. 'காடி'ன்னா தச்சர் போடுற ஒத்தைப் பள்ளம்தான் ஞாபகம் வருது, இது தண்டைச் சுத்தி வரிவரியா ஓடுது, பல்லுன்னா கியரோட குழம்பும். 'வரிப்பல்' ஓகேவா, இல்ல வேற யாராவது லேத்துப் பட்டறையில கேட்ட சொல்லு இருக்கா? இருந்தா போடுங்க.