ஹாலிவுட் நடிகை ஜேனட் கெய்னரின் ஆரம்பகாலப் படங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

மொட்டைமாடி:
'செவன்த் ஹெவன்' (1927) பார்த்து மூன்று வாரம் ஆகிறது. பாரிஸ், சாக்கடைத் தொழிலாளி சீக்கோ, ஏழாவது மாடி அறை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதிப் படம் வரை டையான் (கெய்னர்) தன் அக்காவின் சாட்டைக்குப் பயந்து ஒடுங்கியே கிடக்கிறாள். காதலன் சீக்கோ போருக்குப் புறப்பட்டபின் அக்கா மறுபடி வருகிறாள். இந்த முறை சாட்டை டையான் கையில். அடி விழுவதை நான் பார்க்கவே இல்லை, அந்த முகம் நிமிர்ந்ததை மட்டும்தான் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். நான் ஒருநாளும் நிமிரவில்லை. அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

கயல்:
எனக்கு 'சன்ரைஸ்', மூர்னாவ் இயக்கியது, அதே வருடம். மனைவியை (கெய்னர்) படகில் கொல்லத் துணிந்த கணவன் கடைசி நொடியில் பின்வாங்குகிறான். கரை சேர்ந்ததும் அவள் ஓடிப்போய் டிராமில் ஏறுகிறாள், அவனும் பின்னாலேயே ஏறுகிறான். நகரத்தில் ஒரு கடையில் கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறான். ஒரு துண்டை எடுக்கிறாள், சாப்பிட முடியாமல் உடைந்து அழுகிறாள். அம்மாவோடு பார்த்தேன். அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வடக்குவாசல்:
கயல், எனக்கு அந்தப் படத்தில் உடன்பாடில்லை. கொல்லப் பார்த்தவன் யாரோ ஒருவருடைய கல்யாணத்தைச் சர்ச்சில் பார்த்து அழுதால் எல்லாம் சரியாகிவிடுமா? 1929 மே 16 அன்று முதல் ஆஸ்கர் விழாவில், 22 வயதில், இந்த இரண்டும் இன்னொன்றுமாக மூன்று படங்களுக்கும் சேர்த்து கெய்னருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். மூன்றிலும் அடிபடுவது அவர்தான். மூன்றாவது 'ஸ்ட்ரீட் ஏஞ்சல்'. கைது செய்ய வந்த போலீஸ்காரரிடம் ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கி, காதலனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனோடு சிரித்துச் சாப்பிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழையபிரதி:
நான் பார்த்தது 'லக்கி ஸ்டார்' (1929). போரில் அடிபட்டுக் கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் இருப்பவன், அழுக்குத் தலையோடு வந்த பெண்ணுக்கு (கெய்னர்) முட்டை உடைத்து ஊற்றி முடி அலசிவிடுவான். என் தாத்தா படுக்கையில் இருந்தபடியே எனக்குச் சடை பின்னிவிடுவார், அதுதான் நினைவுக்கு வந்தது.
அப்புறம், எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் முதலில் கண்ணில் படும் மங்கலான பிரதியைப் பார்க்காதீர்கள். 'சன்ரைஸ்' மூல நெகட்டிவ் 1937 தீ விபத்தில் போய்விட்டது, அதனால் பிரதிக்குப் பிரதி வித்தியாசம் உண்டு. செக் நாட்டில் கிடைத்த பிரதி இன்னும் தெளிவானது, ஆனால் நீளம் குறைவு, ஒலியும் கிடையாது. முதல் தடவை பார்ப்பவர்கள் மூவிடோன் (ஃபிலிமிலேயே ஒலியைப் பதியும் முறை) இசையோடு வந்த பிரதியையே எடுங்கள். மௌனப் படம்தானே என்று ஒலியை அணைக்காதீர்கள், அந்த இசை படத்தோடு சேர்ந்தே வெளிவந்தது. வேகத்தைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். கெய்னரின் முகம் மெல்லத்தான் மாறும், ஓட்டினால் அது தப்பிப் போகும். 'லக்கி ஸ்டார்' தொலைந்தே போனது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள், பிறகு நெதர்லாந்தில் ஒரு பிரதி கிடைத்தது. அதிலிருந்து மீட்டதையே தேடிப் பாருங்கள்.

கயல்:
வடக்குவாசல், அவள் மன்னித்தது சரியா தப்பா என்று நான் எழுதவே இல்லை. அந்தக் கேக் அவளுக்கு இறங்கவில்லை. அதை மட்டும்தான் சொன்னேன்.