குன்னூர் வாடகை வீட்டின் மேல்தளம்: குறைந்த செலவில் குளிர்விக்க வழி உண்டா?

கேள்வி (குன்னூர்)

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். குன்னூரில் வெயிலா என்று சமவெளி உறவினர்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும். மார்ச் முதல் மே வரை, வெளியே சால்வை போர்த்திக்கொள்ளும் நேரத்திலும் படுக்கையறை இரவு பத்து மணி வரை புழுங்குகிறது. மலை வீடுகள் பலவற்றைப் போல இங்கும் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கி கிடையாது. சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் இசையவில்லை. 7,000 ரூபாய்க்குள் ஓர் ஏர் கூலர் வாங்கலாமா?

மறுமொழி 1 (கோத்தகிரி)

ஏர் கூலர் வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பம் குறைவதே அதன் இயக்கம் என்பதால், வறண்ட மார்ச் பிற்பகலில் சற்றுச் சுகமளிக்கும். கோடை மழை தொடங்கிவிட்டால் அறையில் ஈரத்தை மட்டுமே சேர்க்கும், சுவரிலும் செருப்பிலும் பூஞ்சணம் பூக்கும். போதாததற்கு, ரேலியா அணை வற்றிக் குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் மாதங்களில் அதன் தொட்டியை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்?

உங்கள் தொல்லை காற்றில் இல்லை, தலைக்கு மேலுள்ள கான்கிரீட்டில் இருக்கிறது. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அது இரவில்தான் கீழே விடுகிறது. ஆகவே உரிமையாளரிடம் கேட்டு மொட்டைமாடியில் பிப்ரவரியிலேயே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மழையில் கரைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நமக்கு வேண்டியது அந்த மூன்று மாதம். பகலில் மேற்குச் சன்னலைத் தடித்த திரையால் மூடி வையுங்கள். வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும் ஒரு பெடஸ்டல் மின்விசிறியை அச்சன்னலில் வெளிப்புறம் நோக்கி வைத்து, எதிர்ச் சன்னலைத் திறந்தால், வெப்பக் காற்று வெளியேற மலைக்காற்று தானே உள்ளே வரும்.

மறுமொழி 2 (கூடலூர்)

உங்கள் ஊரைவிட ஏறத்தாழ 800 மீட்டர் தாழ்வில், தகரக் கூரையின் கீழ் இருப்பதால், துளையிடத் தேவையில்லாத நகர்த்தும் ஏ.சி. ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதன் ஒற்றைக் குழாய் அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், கதவிடுக்கின் வழியே வெப்பக் காற்று திரும்ப நுழைகிறது. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவு. இரு மாதத்திற்குரிய இலவச 100 யூனிட், நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 25 நாளில் தீர்ந்துவிடும். குன்னூருக்கு இது வீண். மின்விசிறியைப் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட) வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்குமிடத்தில் அதற்கு 30 வாட் அளவே போதும்.

கேட்டவர்

நன்றி. செலவை நானே ஏற்றால் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். சன்னலைத் திறந்தால் குரங்கு வருமே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 1 (கோத்தகிரி)

இருட்டியபின் அவை மரத்தில் அடங்கிவிடும். ஆயினும் மாலையிலேயே திறக்க வேண்டுமானால், மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து, சன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். வீடு மாறும்போது அவிழ்த்துக்கொண்டு போகலாம்.