குழுவின் கடவுச்சொற்களை வீட்டுச் சர்வரில் வைக்கலாமா?

கரைவழி:
பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவரும் எங்கள் தன்னார்வக் குழுவின் இணையதளம், டொமைன், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கான கடவுச்சொற்கள் இப்போது ஒரு நிறுவனத்தின் கிளவுட் பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றை வால்ட்வார்டனுக்கு மாற்றி, என் வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். பிட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகச் செயலிகளுடன் இணைந்து இயங்கும் இந்தச் சர்வர் மென்பொருள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) கிடைக்கிறது. தரவை ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளமே அதற்குப் போதும் என்பதால் சிறிய கணினியிலும் சிரமமின்றி ஓடும்.

இந்த எண்ணம் வரக் காரணம், கடவுச்சொல் பெட்டகச் சேவை தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனம். 2022இல் அந்நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர்களுடைய பெட்டகங்களின் காப்புநகல்கள் களவுபோயின. கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன என்றாலும், அவை எந்தெந்த இணையதளங்களுக்கு உரியவை என்ற விவரம் அப்பட்டமாகவே இருந்தது. பழைய கணக்குகள் பலவற்றில், பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து மறையாக்கச் சாவியை உருவாக்கும் கணக்கீட்டுச் சுற்றுகள் (கூடக் கூட உடைப்பது கடினமாகும்) 5,000 என்ற அளவிலேயே விடப்பட்டிருந்தன. சாவி உருவாக்கும் இந்தப் பிபிகேடிஎஃப்2 முறைக்கு, மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் இன்று பரிந்துரைப்பதோ 6,00,000. இத்தனை பேரின் பெட்டகங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் திருடனின் கண் அங்கேதான் விழும்; எங்கள் வீட்டுப் பெட்டியைத் தேடி எவரும் வரப்போவதில்லை.

பனைநிழல்:
லாஸ்ட்பாஸ் கதையின் பின்பாதியைத் தோழர் கரைவழி சொல்லாமல் விட்டுவிட்டார். திருடர்கள் அந்தக் காப்புநகல்களை எட்டியது ஒரு பொறியாளரின் வீட்டுக் கணினி வழியாக. அதில் இருந்த, படங்களையும் பாடல்களையும் வீட்டிலிருந்தே ஓடவிட உதவும் பிளெக்ஸ் மீடியா சர்வர் மென்பொருளின் ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே புகுந்து, தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவுசெய்யும் தீநிரலை நிறுவி, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்தார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020 மே மாதத்திலேயே வெளியாகியிருந்தும், அந்தக் கணினியில் அது நிறுவப்படவில்லை. அன்றாட வேலையே கடவுச்சொற்களைக் காப்பதாக இருந்த ஒருவர் வீட்டுச் சர்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்கும்போது, ஓய்வு நேரத்தில் குழு வேலை பார்க்கும் நம்மில் ஒருவர் தவறாமல் புதுப்பிப்பார் என்று எதை வைத்து நம்புவது?

யாரும் தேடி வரமாட்டார்கள் என்பதையும் என்னால் ஏற்க முடியாது. இணையத்தில் திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டையும் (கணினிக்குள் நுழையும் வாசலையும்) தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. அவற்றுக்கு வங்கியும் ஒன்றுதான், நம் சிற்றிதழ்க் குழுவும் ஒன்றுதான்.

தாழ்வாரம்:
ஒரு சிறு திருத்தம்: பிளெக்ஸ் கட்டற்ற மென்பொருள் அன்று. அதைக் காட்டித் திறமூலத்தை எடைபோடுவது பொருந்தாது. (புதுப்பிக்காமல் விட்டால் எந்த உரிமமும் காப்பாற்றாது என்பது வேறு.)

கரைவழி:
பனைநிழல் சொன்ன செய்தி சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியில்லை. அந்தப் பொறியாளர் தம் பெட்டகத்தைத் திறந்து பயன்படுத்திய கணினியிலேயே தீநிரல் புகுந்தது. நான் சொல்லும் ஏற்பாட்டில் பெட்டகம் திறக்கப்படுவது ஒவ்வொருவரின் கைபேசியிலும் மடிக்கணினியிலும்தான். சர்வரில் இருப்பது மறையாக்கம் செய்யப்பட்ட குவியல் மட்டுமே. அதைத் தூக்கிச் செல்பவன் வலுவான முதன்மைக் கடவுச்சொல்லை உடைத்தாக வேண்டும்.

மேலும், நான் எந்தப் போர்ட்டையும் திறக்கப்போவதில்லை. என் இணைப்பில், நம் ஊர் இணைப்புகள் பலவற்றைப் போலவே, ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து நேரடியாக நுழைய வழியே இல்லை. உறுப்பினர்கள் வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனிப்பாதை (விபிஎன்) வழியாகத்தான் வருவார்கள். வெளியே தெரியாத சர்வருக்கும் டொமைன் நம்முடையதே என்று டிஎன்எஸ் பதிவைக் காட்டி, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழைப் பெற முடியும் என்பதால் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கும் தடையில்லை.

பனைநிழல்:
வெளியிலிருந்து நுழைய வழியில்லாத வீட்டுக்கு வயர்கார்டு எப்படி வந்து சேரும்? பொது முகவரி உள்ள ஒரு சர்வரை நடுவில் வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு நிறுவனத்தின் சேவையை நாட வேண்டும். நிறுவனத்தை நம்ப வேண்டாம் என்று தொடங்கி, இன்னொரு நிறுவனத்தின் வாசலில்தான் போய் நிற்கிறோம்.

சர்வரில் இருப்பது மறையாக்கக் குவியல் மட்டுமே என்பதும் முழு உண்மையன்று. செயலி வழியாகத் திறப்பவர்களுக்கு அது பொருந்தும். உலாவியில் பெட்டகப் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தையே, அதாவது மறையாக்கத்தை அவிழ்க்கும் நிரலையே, அனுப்புவது சர்வர்தான். சர்வரைக் கைப்பற்றியவன் அந்த நிரலில் இரண்டு வரி சேர்த்துவிட்டால், முதன்மைக் கடவுச்சொல் அவன் கைக்குப் போய்விடும்.

கரைவழி:
வாடகைச் சர்வர் வழியே கடந்து போவது மறையாக்கம் செய்யப்பட்ட தரவுப் பொட்டலங்கள் மட்டுமே. அங்கே எதுவும் தங்காது. பணத்தைப் பூட்டிய பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்புவதும், அதே பணத்தைக் கூரியர்காரரிடம் சேமித்து வைப்பதும் ஒன்றாகுமா? உலாவிப் பக்கம் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. வால்ட்வார்டன் அமைப்புகளில் அந்தப் பக்கத்தை அணைத்துவைக்க வழி இருக்கிறது, அணைத்துவிடுவேன்.

முல்லைவெளி:
சர்வர் எதற்கு என்று கேட்க வந்தேன். கீபாஸ்எக்ஸ்சி என்ற செயலியில் எல்லாக் கடவுச்சொற்களும் மறையாக்கம் செய்த ஒரே கோப்பில் அடங்கிவிடும். அதைச் சின்க்திங் என்ற மென்பொருள் மூலம் உறுப்பினர்களின் கணினிகளுக்கிடையே ஒத்திசைத்தால் போதும். மின்வெட்டும் ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு பழுதாவதும் நமக்குக் கவலையாக இருக்காது.

கரைவழி:
தனி ஒருவருக்கு அதைத்தான் நானும் பரிந்துரைப்பேன். குழுவில் இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் முரண்பட்ட இரண்டு கோப்புகள் உருவாகும். அவற்றை ஒன்றிணைக்கும் வசதி இருந்தாலும், அதை யாராவது கவனித்துச் செய்ய வேண்டும். தவிர, எல்லாரும் ஒரே முதன்மைக் கடவுச்சொல்லை அறிந்திருக்க நேரும். ஸ்கேன் வேலைக்கு மட்டும் வரும் மாணவருக்கு டொமைன் கணக்கையும் திறந்துவிட்டதாகும்.

பனைநிழல்:
மென்பொருள் ஒப்பீட்டிலேயே பேச்சு நின்றுவிட்டது. என் உண்மையான கவலை, இந்தச் சர்வரைப் பற்றி அறிந்தவர் நம்மில் ஒரே ஒருவர் என்பதுதான். கரைவழி மருத்துவமனையில் இருக்கும் வாரத்தில் எஸ்டி கார்டு செத்துப்போனால் என்ன செய்வது? பிட்வார்டன் செயலிகள் கடைசியாக ஒத்திசைத்த பிரதியை வைத்திருக்கும் என்பதை அறிவேன். ஆனால் அதைப் பார்க்கத்தான் முடியும், புதிதாக எதையும் சேர்க்க முடியாது, செயலியிலிருந்து வெளியேறியவரால் பார்க்கவும் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் அது சிதைந்திருக்கக்கூடும், அதற்கென்று தனிக் கட்டளை உண்டு என்பதை நம் குழுவில் எத்தனை பேர் அறிவார்கள்? நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவில் பெரும்பகுதி இத்தகைய பராமரிப்புக்குத்தான் போகிறது என்பது என் கருத்து.

இன்னொன்று: வால்ட்வார்டன் சார்ந்திருப்பது பிட்வார்டன் நிறுவனம் எழுதும் செயலிகளை. 2024 அக்டோபரில் அச்செயலிகளுக்குள் சேர்க்கப்பட்ட ஒரு நிரல் தொகுப்பின் உரிமம் திறமூலம்தானா என்று சர்ச்சை எழுந்தது. நிறுவனம் பிறகு அதைச் சரிசெய்தது. சரிசெய்யாமலும் விட்டிருக்கலாம்.

தாழ்வாரம்:
அந்தச் சர்ச்சையை நான் நேர்மாறாகப் படிக்கிறேன். நிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கேட்பதற்கே இடமிருந்திருக்காது.

கரைவழி:
ஒரே ஆள் என்ற குறையை மறுக்க என்னிடம் வாதமில்லை, ஏற்பாடுதான் உண்டு. தினமும் எடுக்கும் காப்புநகல் மறையாக்கத்துடன் வேறோர் ஊரிலுள்ள உறுப்பினரின் கணினிக்குப் போகும். மீட்கும் முறையைத் தமிழில் எழுதி அச்சிட்டு இருவரிடம் கொடுப்பேன்.

பனைநிழல்:
எழுதிக் கொடுத்தது போதாது. லினக்ஸ் அதிகம் தெரியாத ஒரு உறுப்பினர், தாளையும் காப்புநகலையும் மட்டும் வைத்துக்கொண்டு, உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல், வேறொரு கணினியில் பெட்டகத்தை மீட்டுக் காட்டட்டும். அது நடந்தால் ஸ்கேன் கணக்குகளை மாற்றுவதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். டொமைன், மின்னஞ்சல் ஆகிய இரண்டும் அப்போதும் இப்போதுள்ள இடத்திலேயே இருக்க வேண்டும். அவை கைவிட்டுப் போனால் மற்றவற்றை மீட்கவும் வழியிருக்காது.

கரைவழி:
சோதனைக்குச் சம்மதம். ஆனால் டொமைனையும் மின்னஞ்சலையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றினால், எதற்காக இந்த விவாதத்தைத் தொடங்கினேனோ அது அப்படியே நிறுவனத்திடம் இருக்கும். அந்த நிபந்தனையை ஏற்க மாட்டேன். குழுவின் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.