கொலாரெஸ் ராமிஸ்கோவின் துவர்ப்பு எப்போது அடங்கும்?

லிஸ்பனில் இருக்கிறேன். பக்கத்துக் கொலாரெஸ் பகுதியில் ராமிஸ்கோ என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினை எப்படிக் குடிப்பது என்று பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே உள்ள சின்னப் பகுதி அது. 1908-லேயே அதை ஒயின் பகுதியாக எல்லை வகுத்துவிட்டார்கள். ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி மணலில் பிழைக்காது என்பதால், இங்கே கொடிகள் இன்றும் ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்கின்றன. மணலை ஆழமாகத் தோண்டி, அடியில் இருக்கும் களிமண்ணில் நடுகிறார்கள். கடற்காற்றுக்கு நாணல் தட்டி. வீடுகள் பெருகி, தோட்டம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் இந்த ஒயினைச் சரியாகக் குடிக்க ஆசைப்படுகிறேன்.

என்னிடம் இருப்பது 2015 அறுவடை, அரை லிட்டர் பாட்டில். ஒன்றைத் திறந்தாயிற்று. செர்ரி மணமும் லேசான உப்பு வாசமும் அருமை. பூஞ்சை நாற்றம், காடி வாடை எதுவும் இல்லை. ஆனால் கடுக்காயைக் கடித்தது போல ஒரே துவர்ப்பு, கூடவே கூர்மையான புளிப்பு. ஜாடியில் ஊற்றிப் பல மணி நேரம் வைத்தேன், மாறவில்லை. குளிர்த்திப் பார்த்ததில் துவர்ப்பு இன்னும் ஏறியது. சுட்ட ஆட்டுக்கறியோடு மட்டும் கொஞ்சம் இணங்கியது. அப்புறம், மிச்சத்தை மறுநாள் குடித்தபோது மணமே போய்விட்டது.

இன்னொரு பாட்டில் திறக்காமல், வெயில் படாத குளிர்ந்த அறையில் படுக்கவைத்திருக்கிறேன். பழைய ராமிஸ்கோ குடித்துப் பார்த்தவர்களே, இதை இன்னும் எத்தனை வருடம் வைக்கலாம்?